ஒயில் குடிக்கும் பழைய பிரியஸ்: “ரிங் மாத்தியாச்சு” என்ற பில்லுக்குக் காசு கொடுக்க முன்

2010ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் ஒன்று, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்குக் கிட்ட ஒயில் குறைகிறது என்று உரிமையாளர் கராஜில் விட்டார். மூன்று நாளில் வாகனம் திரும்பி வந்தது. பில்லில் பிஸ்டன் ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள்), வால்வ் சீல் (வால்வுத் தண்டு வழியே ஒயில் இறங்காமல் தடுப்பது), ஹெட் காஸ்கட், கூலி எல்லாம் இருந்தன. 800 கிலோமீற்றர் ஓடியதும், ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஒயில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டது. கேட்டதற்குக் கிடைத்த பதில்: “புது ரிங் செற் ஆக 5,000 கிலோமீற்றர் எடுக்கும்.”

செற் ஆவதற்கு அங்கே புது ரிங்கே இல்லை. வாகனத்தை உயர்த்திக் கீழிருந்து பார்த்தாலே இது தெரியும்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் 1.8 லீற்றர் எஞ்சினில் பிஸ்டன் மேல்வழியாகத்தான் வெளியே வரும். அதற்கு எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஹெட் கழற டைமிங் செயின் கழற வேண்டும், செயின் கழற முன்பக்கக் கவர் கழற வேண்டும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்டின் கீழ் மூடிகளைக் கழற்ற, அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்ப்பும் இறங்க வேண்டும். கவரும் சம்ப்பும் சீலன்ட் பசையால் ஒட்டப்பட்டவை. கழற்றிப் பூட்டினால் விளிம்பில் புதுப் பசை பிதுங்கி நிற்கும், சுற்றியிருந்த பழைய அழுக்கு சுரண்டப்பட்டிருக்கும். இந்த வாகனத்தில் இரண்டு விளிம்பிலும் பழைய பசைமேல் வருடக்கணக்கான தூசி அப்படியே படிந்திருந்தது. புதிதாக இருந்தது மேலேயுள்ள வால்வ் கவர் காஸ்கட் மட்டுந்தான். ஸ்பார்க் பிளக் துளையால் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகளை விழாமல் பிடித்துக்கொண்டு, ஹெட்டைத் தூக்காமலே வால்வ் சீல் மாற்றலாம். அதைச் செய்து, 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயில் ஊற்றி, முழு ஓவர்ஹோலுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் மாற்ற வழியில்லாமல் ஓடித் தேய்ந்த ஹைபிரிட்கள் இலங்கை வீதிகளில் நிறைய. இந்த விளையாட்டுக்கு ஆள் பஞ்சம் இல்லை.

முதலில், ஒயில் எங்கே போகிறது? பிஸ்டனில் மூன்று ரிங். மேலே இரண்டும் அமுக்கத்தைப் பிடிப்பவை. மூன்றாவது, சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலை வழித்துப் பின்னாலுள்ள சிறு துளைகளால் சம்ப்புக்குத் திருப்பி அனுப்புவது. அந்தத் துளைகள் கரியால் அடைபட்டு ரிங் பள்ளத்திலேயே ஒட்டிப்போனால் சுவரில் ஒயில் தங்கி எரியும். ஹைபிரிட் எஞ்சின் நகர ஓட்டத்தில் நின்று நின்று இயங்குவது. முழுச் சூட்டுக்கு வராமலே பலமுறை அணையும். ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் கரி சேர வேறொன்றும் தேவையில்லை. நுவரெலியாவிலிருந்து எஞ்சின் பிரேக் நிலையான “பி”யில் போட்டு இறங்கும்போது பெற்றோல் இல்லாமலே எஞ்சின் சுழற்றப்படும். அப்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஒட்டிய ரிங்கைத் தாண்டி ஒயிலை மேலே இழுக்கும். இறக்கம் முடிந்து மிதித்ததும் பின்னால் நீலப் புகை வந்தால் ரிங்கையும் வால்வ் சீலையும் சந்தேகிக்க வேண்டும்.

இங்கேதான் அடுத்த ஏமாற்று. “கொம்பிரஷன் பார்த்தோம், ரிங் நல்லா இருக்கு, வால்வ் சீல்தான் பிழை” என்பார்கள். சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கொம்பிரஷன் சோதனை சொல்வது மேல் இரண்டு ரிங்கையும் வால்வுகளையும் ஹெட் காஸ்கட்டையும் பற்றி. ஒயில் ரிங்கைப் பற்றி அது பேசுவதே இல்லை. நான்கு சிலிண்டரும் ஒரே அளவு காட்டிக்கொண்டே லீற்றர் கணக்கில் ஒயில் எரியலாம். இதற்கு மறுதலையான ஏமாற்றும் உண்டு. பிரியஸில் இருப்பது அட்கின்சன் முறை எஞ்சின்; அதில் காற்றை உள்ளே விடும் வால்வ் தாமதமாக மூடுவதால் கொம்பிரஷன் இயல்பாகவே குறைவாகக் காட்டும். அதைச் சாதாரண கொரோலாவின் அளவோடு ஒப்பிட்டு “எஞ்சின் முடிஞ்சுது” என்று பயமுறுத்துவார்கள். பிரியஸில் ஸ்ரார்ட்டர் மோட்டர் கிடையாது, ஹைபிரிட் பகுதியின் எம்ஜி-1 மோட்டர்தான் எஞ்சினைச் சுழற்றும். ஸ்கானரில் கொம்பிரஷன் சோதனைக் கட்டளை கொடுக்காமல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. கேட்க வேண்டியது பிளக் துளையால் விட்ட கமராப் படம். பிஸ்டன் தலையில் ஈரக் கரி எங்கே, சுவரின் குறுக்குக் கோடுகள் இருக்கின்றனவா, எந்த சிலிண்டர் மோசம் என்பதெல்லாம் அதில் தெரியும்.

தடித்த ஒயில் நோயை மறைக்கும், மாற்றாது. இந்த எஞ்சினுக்கு உரியது 0டபிள்யூ-20, பில்டரோடு 4.2 லீற்றர். 5டபிள்யூ-30 வரை போவதைப் பிழை என்று சொல்லமாட்டோம். 20டபிள்யூ-50 வேறு கதை: நிமிடத்துக்கொருமுறை அணைந்து எழும்பும் எஞ்சினில் மேற்பகுதிக்கு ஒயில் ஏறப் பிந்தும். மண்ணெண்ணெயோ டீசலோ கலந்து “பிளஷ்” அடிப்பது இதைவிடக் கேடு; வடித்தபின்னும் மிச்சம் நின்று புது ஒயிலை மெலிதாக்கி பெயரிங்கைத் தேய்க்கும்.

விற்பவர்களுக்கும் தடித்த ஒயில் பிடிக்கும். வாங்கப் போகிறவர் எஞ்சின் நிற்காமல் ஓட வைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்துங்கள். பிறகு 60 வினாடிக்குள் பார்க்கில் அக்சிலேற்றரை இரண்டு தரம் முழுதாக மிதித்து, நியூட்ரலில் இரண்டு தரம், திரும்பப் பார்க்கில் இரண்டு தரம். திரையில் மெயின்டனன்ஸ் மோட் வந்ததும் பிரேக்கை மிதித்து ஸ்ரார்ட் செய்யுங்கள். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஒருவர் பின்னால் நிற்க, அக்சிலேற்றரை மிதியுங்கள். நீலப் புகை ஒளிந்துகொள்ளாது. அந்த மோடில் வாகனத்தை ஓட்டக்கூடாது. முடிந்ததும் பவரை அணைத்துவிடுங்கள்.

அதிகம் காசு போகும் இடம் இன்னொன்று. எரிந்த ஒயில் ஈஜிஆர் கூலரிலும் (புகையின் ஒரு பகுதியைக் குளிர்த்தித் திரும்ப எஞ்சினுக்கு விடும் பாகம்), காற்று உள்ளே போகும் இன்டேக் மனிபோல்டின் சிறு துளைகளிலும் கரியாகப் படியும். நான்கு சிலிண்டருக்கும் ஈஜிஆர் வாயு சமமாகப் போகாது, சில சிலிண்டர் கூடச் சூடாகும், கடைசியில் ஹெட் காஸ்கட் போகும். அடையாளம்: காலையில் முதல் ஸ்ரார்ட்டில் வாகனம் முழுவதும் உதறும், சில வினாடியில் அடங்கும், மிஸ்பயர் கோட் விழும், எங்கும் ஒழுக்கில்லாமல் கூலன்ட் குறையும். இந்த உதறலைக் காட்டி ஹைபிரிட் பற்றரி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பற்றரிக்குக் காசு கொடுக்கமுன் எஞ்சின் கூலன்ட் தொட்டியைப் பாருங்கள் (மின்பகுதியான இன்வேட்டருக்கு வேறு தொட்டி, குழம்ப வேண்டாம்). கூலன்ட்டில் எரிவாயு கலந்திருக்கிறதா என்று நீல நிறத் திரவத்தால் பார்க்கும் சோதனையையும் கேளுங்கள்; நிறம் மஞ்சளானால் காஸ்கட்தான்.

“ஈஜிஆர் கிளீன்” என்று பில் போட்டு வால்வை மட்டும் துடைத்துக் கொடுப்பதும் வழக்கம். கூலர் எஞ்சினின் பின்பக்கம், கை போகக் கடினமான இடம். கழற்றிய கூலரின் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் எடுத்த படத்தைக் கேளுங்கள். வெளிச்சம் எல்லாத் தகடுகளுக்கும் ஊடாக வரவேண்டும். மனிபோல்ட் கழன்ற நேரத்திலேயே அதன் கீழிருக்கும், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். தனியாகச் செய்தால் அதே கூலி இன்னொருமுறை.

ஜப்பான் ரீகண்டிஷன் எஞ்சின் போட்டால் தீரும் என்பார்கள். வருவது பெரும்பாலும் அதே வகைப் பிஸ்டனோடு, எத்தனை கிலோமீற்றர் ஓடியதென்று தெரியாத எஞ்சின். பூட்ட முன் நான்கு துளையிலும் கமரா விட்டுக் காட்டாவிட்டால் வேண்டாம்.

பிளக் துளையால் கரி கரைக்கும் திரவம் ஊற்றி ஊறவைப்பது சில எஞ்சினில் ஒயில் எரிவதைக் குறைத்திருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. செய்வதானால் மிச்சத் திரவத்தை ஊசிக் குழாயால் முழுதாக உறிஞ்சி எடுத்து, பிளக் போடாமல் சுழற்றிப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும். சிலிண்டரில் திரவம் நிற்க எம்ஜி-1 சுழற்றினால் ரொட் வளையும். ஊறியது சம்ப்புக்கும் இறங்கியிருக்கும், ஒயில் கட்டாயம் மாற்ற வேண்டும்.

எந்த வேலைக்கும் முன், பிறகு, அளவெடுங்கள். சமதரையில் சூடான எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, மேல்கோடு வரை ஒயில் விட்டு மீற்றரைக் குறியுங்கள். 1,000 கிலோமீற்றர் கழித்து அதே இடத்தில், அதே முறையில், அளவுச் சாடியால் மேல்கோடு வரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் கணக்கு. 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை கம்பனிக் கைநூலே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த வேகத்தில் 5,000 கிலோமீற்றர் சேர்விஸ் வருமுன் 4.2 லீற்றரும் தீர்ந்துவிடும். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு ஒயில் மட்டத்தைக் காட்டுவதல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது பெயரிங் ஏற்கெனவே காய்ந்திருக்கும்.

3,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்றால் எஞ்சினைத் திறக்க வேண்டாம். டிக்கியில் 0டபிள்யூ-20 போத்தல் ஒன்றும், ஒவ்வொரு இரண்டாவது பெற்றோல் நிரப்பலிலும் டிப் ஸ்டிக் பார்க்கும் பழக்கமும் போதும். பார்க்கும்போது பவர் முழுதாக அணைந்திருக்க வேண்டும். ரெடி விளக்கோடு பொனட்டுக்குள் கை விட்டால் எஞ்சின் சொல்லாமல் எழும்பும்.