சாந்தோரினியில் ஒயின் சுவைக்க மாலையில் போகாதீர்கள்

கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் தங்கிய நான்கு நாட்களில் இரண்டு முறை ஒயின் சுவைக்கச் சென்றோம். முதல் முறை, சூரிய அஸ்தமனத்துடன் மூன்று ஒயின் கூடங்கள் என்று விளம்பரப்படுத்தப்பட்ட மாலைநேர வேன் பயணம்; மறுநாள் காலை, நாங்களே ஒரு தோட்டத்தில் நேரம் குறித்துக்கொண்டு போனது. முதலாவதற்குக் கொடுத்த தொகை இரண்டாவதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். அதில் கிடைத்ததோ காலையில் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

மாலைப் பயணத்தின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வேன் நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததால், மூன்று கூடங்களையும் அஸ்தமனத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் தொடக்கத்திலேயே எல்லோரையும் தொற்றிக்கொண்டது. ஒரு கூடத்தில் நாங்கள் உட்காருவதற்கு முன்பே கோப்பைகளில் ஒயினை ஊற்றி வெயிலில் வைத்திருந்தார்கள். குளிர்ந்த நிலையில் அருந்த வேண்டிய வெள்ளை ஒயின், ஆறிய கஷாயத்தின் சூட்டில் இருந்தது. பரிமாறிய பெண் ஒயினின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். திராட்சைத் தோட்டத்தை எப்போது பார்ப்போம் என்று வழிகாட்டியிடம் கேட்டபோது, ஓடும் வேனின் கண்ணாடி வழியே சாலையோரத்தைச் சுட்டிக்காட்டி, "இதுதான் தோட்டம்" என்றார். கடைசிக் கூடத்தின் மாடியிலிருந்து தெரிந்த காட்சியில் மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எரிமலை வெடித்துச் சரிந்த பள்ளத்தில் கடல் புகுந்து நிற்க, அதைச் சுற்றிச் செங்குத்தான பாறைச் சுவர். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அழகுதான். ஆனால் அந்தக் காட்சியை ஃபிரா ஊரின் நடைபாதையில் நின்று காசு கொடுக்காமலேயே பார்க்கலாம்.

மறுநாள் காலை எபிஸ்கோபி கோனியா என்ற ஊரில் உள்ள ஆர்கிரோஸ் தோட்டத்துக்குச் சென்றோம். 1903-இல் தொடங்கப்பட்ட குடும்ப நிறுவனம் இது. கடலைப் பார்த்த மாடி இல்லை, கட்டடத்தைச் சுற்றிக் கொடிகள்தான் இருக்கின்றன. கொடிகள் என்று சொன்னாலும், கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலிலிருந்து தலைக்கு மேல் தொங்கும் குலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது திராட்சைதான் என்று நம்பவே சற்று நேரம் பிடிக்கும். பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. வெளிறிய சாம்பல் மண்ணில், ஒன்றுக்கொன்று எட்டிய இடைவெளியில், தரையோடு தரையாகக் குத்துக்குத்தாகப் பசுமை படிந்திருக்கிறது. எங்களுடன் வந்த பெண் குனிந்து ஒரு குத்தின் இலைகளை விலக்கிக் காட்டினார். தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் சுருட்டி வைக்கும் சும்மாட்டைப் பெரிதாக்கியதுபோல, முற்றிய கொடிகள் வட்டம் வட்டமாகப் பின்னிக்கொண்டு ஒரு கூடையாகி இருந்தன. குலைகள் காய்ப்பது அந்தக் கூடையின் உட்புறத்தில்தான். நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசி வாரம் என்பதால் அறுவடை முடிந்திருந்தது. பறிக்காமல் விட்ட ஒரு சிறு கொத்து மட்டும் அடியில் வாடிக் கிடந்தது.

கூலூரா எனப்படும் இந்த முறை பார்வைக்காக உண்டானதல்ல. கோடையில் வடக்கிலிருந்து ஓயாமல் வீசும் மெல்டெமிக் காற்று மணலை வாரி இறைத்துத் தளிர்களைக் கிழித்துவிடும். வெயிலோ காய்களைக் கருக்கிவிடும். கொடியை ஆண்டுதோறும் கவாத்து செய்து வளைத்துப் பின்னிவிட்டால், அதுவே காய்களுக்கு மதிலாகவும் நிழலாகவும் ஆகிறது. கோடையில் மழை அநேகமாகக் கிடையாது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை மண்ணில் கலந்துள்ள நுரைக்கற்கள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அந்தக் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எலுமிச்சை அளவிருந்த அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, உள்ளங்கையில் வறட்டுப் பொடி மட்டும் ஒட்டியது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பு தீவின் மேல் கொட்டிய பொருள் அது. களிமண் ஏறக்குறைய இல்லாத இந்த மண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலோக்செரா என்னும் வேர்ப்பூச்சியால் பிழைக்க முடியவில்லை. அதனால், பிற இடங்களில் அமெரிக்க வேர்க்கன்றின் மேல் ஒட்டுக் கட்டிக் கொடி வளர்க்கும்போது, இங்கே அது தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. கூடை கிழடு தட்டி மகசூல் குறைந்தால் அதை அடியோடு வெட்டிவிட்டு, அதே வேரிலிருந்து புதுத் தளிரை எழுப்புகிறார்கள். செத்துப்போன கொடியின் இடத்தைப் பக்கத்துக் கொடியைப் பதியம் போட்டு நிரப்புகிறார்கள். மாலைப் பயணத்தில் இதில் ஒரு சொல்கூட எங்கள் காதில் விழவில்லை.

இதைப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தால் ஒயினும் வேறாகத் தெரிகிறது. தீவின் முதன்மையான திராட்சை அசிர்டிகோ என்ற வெள்ளை வகை. இவ்வளவு வெயிலிலும் புளிப்பை இழக்காததே அதன் சிறப்பு. இனிப்பு துளியும் இல்லை. முதல் வாயில் எலுமிச்சைத் தோலின் வாசனை, அதன்பின் நாவின் இரு ஓரங்களிலும் நீர் ஊறவைக்கும் புளிப்பு, விழுங்கியபின் நெடுநேரம் நிற்கும் ஒருவித உப்புச் சுவை. எனக்கு உப்பில் ஊறிய நார்த்தங்காய்தான் நினைவுக்கு வந்தது. உடன் வந்த நண்பருக்கு அது பிடிக்கவில்லை, பழச்சாற்றின் மென்மையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது என்பதும் உண்மைதான். நிக்டேரி என்ற வெள்ளை ஒயின் இதைவிடக் கனமானது. பறித்த பழத்தை வெயில் ஏறுமுன் இரவோடு இரவாகப் பிழிந்த பழைய வழக்கத்தால், இரவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு அந்தப் பெயர் வந்தது. மாவ்ரோட்ராகனோ என்ற சிவப்பு ஒயினையும் கொடுத்தார்கள். துவர்ப்பு தூக்கலாக இருந்தது, அதற்காகத் தனியே தேடிப் போக வேண்டியதில்லை.

காத்திருந்து குடிக்க வேண்டியது வின்சாண்டோ. பறித்த குலைகளை ஒன்று இரண்டு வாரங்கள் வெயிலில் பரப்பி, பாதி உலர்ந்தபின் பிழிந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் மரப்பீப்பாயில் வைத்து எடுக்கும் இனிப்பு ஒயின் இது. கட்டடத்துக்குப் பின்புறம் குலைகள் அப்போதுதான் வெயிலில் கிடந்தன. வத்தல் காயப்போட்ட மொட்டைமாடியைப் போலிருந்த அந்த இடத்தில் ஒரு பழத்தைத் தின்னக் கொடுத்தார்கள், பாகு பல்லில் ஒட்டியது. கோப்பையில் கருப்பட்டிப் பாகின் நிறம். அத்தியும் பேரீச்சையும் கலந்த மணம். இவ்வளவு இனிப்புக்கும் திகட்டவில்லை என்றால், அடியில் அந்தப் பழைய அசிர்டிகோப் புளிப்பு இருப்பதுதான் காரணம். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஒரு காலத்தில் திருவிருந்துக்கு இதை வரவழைத்து வந்தது.

வேறு சில இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வோதோனாஸ் ஊரில் கூட்சோயன்னோபூலோஸ் குடும்பத்தினர் நிலத்தடிக் குகையில் நடத்தும் ஒயின் அருங்காட்சியகத்தில், அசையும் பொம்மைகளை வைத்துப் பழைய வேலைமுறைகளைக் காட்டுகிறார்கள். குழந்தைகளுடன் போவோருக்கு ஏற்றது, வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளுமையாகவும் இருக்கும். பிர்கோஸுக்கு அருகில் உள்ள சாண்டோ ஒயின்ஸ், 1947-இல் உருவான விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த அதன் விரிந்த மாடியில் கூட்டம் அதிகம் என்பதால், காட்சியும் கோப்பையும் ஒருசேர வேண்டும் என்பவர்கள் முற்பகலிலேயே போய்விடுவது நல்லது. சைவம் உண்பவர்கள் ஒயினுடன் ஃபாவா கேட்டு வாங்கலாம்: இத்தீவில் விளையும் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் இட்டுத் தருவார்கள். உப்பும் எலுமிச்சையும் சற்றுக் கூடுதலாகக் கேட்டால் நம் நாக்குக்குப் பழகிய பண்டமாகிவிடும்.

தோட்டம் சுற்றிப் பார்ப்பது தனிக் கட்டணத்தில் வருகிறதா, சுவைக்கும் ஒயின்களில் வின்சாண்டோ உண்டா என்ற இரண்டையும் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். மலிவான பட்டியல்களில் பெரும்பாலும் இவ்விரண்டும் விடுபட்டிருக்கும். ஃபிராவிலிருந்து பேருந்து உண்டு, திரும்பும்போது காத்திருக்க நேரிடலாம். வாடகைக்கு வண்டி எடுத்தால் ஓட்டுபவர் கோப்பையைத் தொடாமலிருக்க வேண்டும்; கிரேக்கத்தில் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மதுவின் அளவு 0.05 சதவீதம்தான், சாலைகளும் வளைவும் சரிவுமாகவே இருக்கின்றன. வின்சாண்டோ சிறிய புட்டிகளிலும் கிடைக்கிறது. துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து விமானச் சரக்கில் போட்டோம், உடையாமல் வந்துசேர்ந்தது. இந்தியாவுக்குள் ஒருவர் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது இரண்டு லிட்டர்.