ஃபிட்னஸ் வாட்ச் காட்டும் கலோரிக் கணக்கை நம்பலாமா? நான்கு வாரப் பரிசோதனை

ஃபிட்னஸ் வாட்ச் ஒன்றை நான்கு வாரங்கள், குளிக்கும் நேரமும் சார்ஜ் ஏற்றும் நேரமும் தவிர, இரவும் பகலும் கையில் கட்டியிருந்தேன். அதன் காலடிக் கணக்கையோ தூக்கப் பதிவையோ இங்கே மதிப்பிடவில்லை. நாள் முடிவில் திரையில் தெரியும் ‘இன்று செலவான கலோரி’ என்ற எண்ணை வைத்து ஒருவர் தன் சாப்பாட்டின் அளவை முடிவு செய்யலாமா என்பது மட்டுமே என் கேள்வி. கூடாது என்பதே எனக்குக் கிடைத்த விடை.

எனக்கு வயது 44; உயரம் 170 செ.மீ.; தொடக்கத்தில் எடை 78 கிலோ. அரிசி, பருப்பு, தாளிக்கும் எண்ணெய் வரை அனைத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்ததில், 28 நாட்களில் சராசரியாக நாளொன்றுக்கு 2150 கலோரி உண்டிருந்தேன். வாட்ச் காட்டிய சராசரிச் செலவு 2640. இரண்டும் சரியென்றால் நாளுக்கு 490 கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி என்ற வழக்கமான கணக்கின்படி எடை 1.8 கிலோ குறைந்திருக்க வேண்டும். மூன்று நாள் காலை எடைகளின் சராசரியைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்து ஒப்பிட்டபோது குறைந்திருந்தது 600 கிராம்தான். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் என் உண்மையான செலவு 2315 கலோரிக்கு அருகில் வருகிறது. வாட்ச் நாள்தோறும் 325 கலோரி, அதாவது 14 சதவீதம், கூட்டிக் காட்டியிருக்கிறது. என் உணவுப் பதிவு நாளுக்கு 200 கலோரி குறைவாக இருந்திருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் வாட்சின் எண் மேலேயேதான் நிற்கிறது.

இதற்குக் காரணம், வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை என்பதுதான். இந்தக் கணக்குக்காக அது முக்கியமாக அளப்பது இரண்டே: பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பை எண்ணுகிறது, கையின் அசைவைப் பதிவு செய்கிறது. மற்றவை ஊகம். நாம் எதுவும் செய்யாமல் படுத்திருந்தாலும் உடல் செலவழிக்கும் ஆற்றலை வயது, உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு சமன்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1990-இல் வெளியாகிப் பரவலாகப் பயன்படும் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டில் என் விவரங்களை இட்டால் 1628 வருகிறது. திரையில் கண்ட 2640-இல் அறுபது சதவீதத்துக்கு மேல், வாட்சைக் கட்டாமலே தாளில் போட்டுவிடக்கூடிய கணக்கு. தசை மிகுந்த ஒருவருக்கும் கொழுப்பு மிகுந்த ஒருவருக்கும் எடையும் உயரமும் வயதும் பாலினமும் ஒன்றாக இருந்தால் சமன்பாடு ஒரே விடையைத்தான் தரும். மேலை நாட்டுத் தரவுகளில் பிறந்த இத்தகைய சமன்பாடுகள் இந்தியர்களின் அடிப்படைச் செலவைச் சற்றுக் கூட்டிக் காட்டுவதை நம் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிவருகிறார்கள்.

மீதமுள்ள பகுதியை நாடித்துடிப்பு தீர்மானிக்கிறது. நம் ஊர் வெயிலில் பிழை பெருகுவது இங்கேதான். ஒரே பூங்காவில், ஒரே வேகத்தில், ஒரு மணி நேரம் 5 கிலோமீட்டர் நடந்தேன். காலை ஐந்தரை மணிக்கு 290 கலோரி காட்டிய வாட்ச், பிற்பகல் மூன்றரை மணிக்கு 395 காட்டியது. கால்கள் செய்த வேலை ஒன்றுதான். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்ப வேண்டியிருந்ததால் இதயம் வேகமாகத் துடித்தது, அதை வாட்ச் உழைப்பாக எண்ணிக்கொண்டது. காபி குடித்தாலும், மனம் பதறினாலும் இதே மயக்கம் நேரலாம். காலை நடையின் 290-இலும் சுமார் 75 கலோரி, அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும்.

என் வாட்ச் மட்டும் குறைபாடுடையது என்று நினைக்க இடமில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 60 பேர் ஏழு கருவிகளை அணிந்து நடந்தும் ஓடியும் சைக்கிள் மிதித்தும் சோதிக்கப்பட்டனர். இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் ஈசிஜி கருவியோடு ஒப்பிட்டபோது, ஏழில் ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. சுவாசத்தின் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவுகளிலிருந்து கணக்கிட்ட கலோரியோடு ஒப்பிட்டபோதோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். அதன்பின் கருவிகள் மேம்பட்டுள்ளன; ஆனாலும் துடிப்பிலிருந்து ஆற்றலை ஊகிக்கும் வழி மாறவில்லை.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் என் அண்ணன். அண்மையில் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட அவர், மாலை நடையில் 400 கலோரி ‘எரிந்துவிட்டது’ என்று வாட்ச் சொன்னதை நம்பி, அதற்கு ஈடாக வடையும் பஜ்ஜியும் சாப்பிட்டுவந்தார்.

வாங்க நினைப்பவர்கள் நாடித்துடிப்புக்காகவும் நடக்கத் தூண்டுவதற்காகவும் வாங்கலாம். கலோரிக் கணக்குக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், ஆப்பிள் வாட்சின் சிவப்பு வளையம் அசைவினால் செலவான கலோரியை மட்டும் காட்டுவதையும், ஃபிட்பிட் அடிப்படைச் செலவையும் சேர்த்துக் காட்டுவதையும் அறிந்திருந்தால், இரண்டு பேரின் எண்களை ஒப்பிட்டுக் குழம்ப மாட்டார்கள். என் கைபேசியின் உணவுச் செயலியில், வாட்ச் சொல்லும் கலோரியை அன்றைய சாப்பாட்டு அளவோடு கூட்டிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டேன். அண்ணனின் கைபேசியிலும் அணைத்தாயிற்று.