மூடி போட்ட பூனைப் பெட்டி: வன்னி வெயிலுக்குச் சரிவருமா?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் விற்கிற மூடி போட்ட பூனைப் பெட்டி, அதாவது பூனை மலசலம் கழிக்கிற மணல் பெட்டி, பார்க்க வடிவுதான். ஆனால் பூனை வெளியே சலம் பெய்ய அந்த மூடியே காரணமாகலாம். வெக்கையில் உள்ளே அமோனியா நெடி தேங்கி நிற்கும். பூனை வாசலில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய் ஈரச்சாக்கில் குந்திவிடும். மூடியைக் கழற்றிவிட்டுப் பாவியுங்கள்.

நீளமும் போதாது. மூக்கு நுனியிலிருந்து வாலடி வரையான நீளத்தில் ஒன்றரை மடங்கு வேண்டும். வளர்ந்த கடுவனுக்கு, அகன்ற பிளாஸ்டிக் பேசினில் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி, விளிம்பை அரத்தாள் போட்டுத் தேய்த்து வைப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

கூடவே தருகிற வாசனை மணலைத் தவிருங்கள். அந்த மணம் நமக்குத்தான் பிடிக்கும். வாசனையில்லாத, கட்டிபடுகிற பென்ரோனைற் (ஒருவகைக் களிமண்) மணலை 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போடுங்கள். குறைந்தால் சலம் அடியில் ஒட்டிச் சேறாகும். கட்டிகளைக் காலையும் மாலையும் அள்ளவேண்டும். ஆற்றுமணல் கட்டிபடாது, அடிக்கடி முழுதாகக் கொட்டி மாற்றவேண்டும்.

இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி, வேறுவேறு இடத்தில்.

கடுவன் குந்தி முக்கியும் சலம் சொட்டாகக்கூட வராவிட்டால் அது பெட்டியின் குறையல்ல. சலவழி அடைப்பு உயிரை எடுக்கும். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.