மூணு நாள் போசியட் ட்ரெயினிங்: தண்ணிக்கு நாலு ஸ்டார், தீக்கு ரெண்டு

ஈசிஆர் பக்கம் இருக்கற ஒரு ஆஃப்ஷோர் சேஃப்டி ட்ரெயினிங் சென்டர்ல போன மாசம் போசியட் கோர்ஸ் முடிச்சேன், நடுக்கடல்ல எண்ணெய் எடுக்கற பிளாட்ஃபார்முக்கு வேலைக்கு போறவங்க பண்ற பாதுகாப்பு பயிற்சி அது. பேரு போட மாட்டேன், திட்டறதுக்கும் கொஞ்சம் இருக்கு, நாலு வருஷம் கழிச்சு ஒரு நாள் ரெஃப்ரெஷருக்கு திரும்ப அங்கயே போய் நிக்க வேண்டி வந்தாலும் வரும். போறதுக்கு முன்னாடி நான் தேடித் தேடிப் பாத்தேன், தமிழ்ல யாருமே எழுதல, அதான் எழுதறேன்.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், மணலியில எட்டு வருஷம் காண்ட்ராக்ட்ல ஓட்டினேன். இப்ப கத்தார்ல அல் ஷாஹீன்ங்கற எண்ணெய் ஃபீல்டுல மெயின்டனன்ஸ் பாக்கற ஒரு காண்ட்ராக்டர் கிட்ட வேலை கெடச்சிருக்கு. கரையில இருந்து சுமாரா 80 கிலோமீட்டர் உள்ள, நடுக்கடல், ஒரு நாளைக்கு 3 லட்சம் பீப்பாய் பக்கம் எடுக்கறாங்க. முன்னாடி டென்மார்க் கம்பெனி மேர்ஸ்க் கையில இருந்துச்சு, 2017 ஜூலையில இருந்து நார்த் ஆயில் கம்பெனி, அதுல கத்தார் அரசு கம்பெனிக்கு 70 பர்சன்ட், பிரான்ஸ்காரன் டோட்டல் எனர்ஜீஸுக்கு 30. இவ்ளோ பெரிய பேரெல்லாம் இருக்கு, என் சம்பள ஸ்லிப்புல வரப்போறது அந்த காண்ட்ராக்டர் பேருதான், இருந்தாலும் அங்க போற ஹெலிகாப்டர்ல ஏறணும்னா எஞ்சினியரோ சமையல்காரரோ எல்லாருக்கும் ட்ரெயினிங் சர்ட்டிபிகேட் வேணும்.

வீட்டுல சொன்னதும் நைனா சிரிச்சாரு. காசிமேட்டுல ஃபைபர் படகு ஓட்டினவரு, "கடல்ல எப்படி இருக்கணும்னு துட்டு குடுத்து கத்துக்கப் போறியாடா"ன்னாரு. அவருக்கு எண்ணெய்னாலே 2017 ஜனவரியில எண்ணூர் துறைமுகத்துகிட்ட ரெண்டு கப்பல் முட்டிக்கிட்டு கொட்டினதுதான், பசங்க பக்கெட்ல அள்ளினாங்களே அது. எனக்கும் உள்ளுக்குள்ள அந்த திமிரு இருந்துச்சு, ஏழு வயசுல இருந்து நீச்சல், நமக்கென்னன்னு.

ஃபீஸ் மேட்டர் மொதல்ல முடிச்சிடறேன். போன்ல சொன்ன ரேட்டு வேற, கவுன்ட்டர்ல போனா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி தனியாம். அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? சாப்பாடு ஃபீஸுல அடக்கம், ஆனா மூணு நாளும் அதே சாம்பார், அதே உருளைக்கிழங்கு.

மொத நாள் கிளாஸ் ரூம். தூங்கிடலாம்னுதான் கடைசி பெஞ்சுல ஒக்காந்தேன், தூங்க விடல. பைப்பர் ஆல்ஃபா கதைய அந்த சார் சொன்ன விதம் அப்படி. 1988 ஜூலை 6, ஸ்காட்லாந்து பக்கம் கடல்ல, ஆக்ஸிடென்டல்னு ஒரு அமெரிக்க கம்பெனி ஓட்டின பிளாட்ஃபார்ம். ஒரு பம்போட சேஃப்டி வால்வ வேலைக்காக கழட்டிட்டு அந்த எடத்துல ஒரு தகடு வச்சு மூடியிருக்காங்க, அந்த விஷயம் அடுத்த ஷிஃப்டுக்கு சரியா போய் சேரல, நைட்டு இன்னொரு பம்பு நின்னு போச்சு, இவங்க தெரியாம வால்வு கழட்டின பம்ப ஸ்டார்ட் பண்ணிட்டாங்க, கசிஞ்சு வெடிச்சிடுச்சு, அவ்ளோதான். 167 பேர் செத்தாங்க, 61 பேர்தான் தப்பிச்சாங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போடற பர்மிட் பேப்பர்ல நானும்தான் எத்தன தடவை பாக்காமலே கையெழுத்து போட்டிருப்பேன், வயிறு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் நம்ம மும்பை ஹை, மும்பை பக்கம் கடல்ல இருக்கற எண்ணெய் ஃபீல்டு, 2005 ஜூலை 27. கப்பல்ல ஒரு சமையல்காரருக்கு விரல் வெட்டுப்பட்டிருக்கு, அவர பிளாட்ஃபார்முக்கு ஏத்திவிட கப்பல் கிட்ட வந்துச்சு, அலையில போய் கேஸ் பைப்புல மோதி தீப்புடிச்சிடுச்சு, ரெண்டு மணி நேரத்துல மொத்த பிளாட்ஃபார்மும் காலி, 22 பேர் போயிட்டாங்க. விரல் வெட்டுல ஆரம்பிச்சது.

ரெண்டாவது நாள் குளம். இதுக்குதான் நாலு ஸ்டார்.

டயர் கழட்டின ஆம்னி வேன் மாதிரி ஒரு கூண்டு, கிரேன்ல தொங்குது, உள்ள சீட்டு, பெல்ட்டு, தள்ளினா கழண்டு விழற ஜன்னல். உள்ள ஒக்கார வச்சு தண்ணிக்குள்ள எறக்கி அப்படியே தலைகீழா புரட்டி விட்டுடுவாங்க. ஹெலிகாப்டருக்கு இஞ்சினு கியர்பாக்ஸு எல்லாம் மேல இருக்கறதால கடல்ல எறங்கினா கவுந்துக்கும், அதுக்குதான் இந்த கூத்து. சொல்லித் தர்றது நேவியில டைவரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார். ஏறும்போது எங்கள வரிசையா பாத்து யாருக்கு நல்லா நீச்சல் தெரியும்னு கேட்டாரு, நான் பெருமையா கை தூக்கினேன். "உங்கள மாதிரி ஆளுங்கதான் சார் எனக்கு தலைவலி"ன்னாரு.

மொத ரெண்டு தடவ புரட்டாம சும்மா முக்கி எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல. மூணாவது தடவ புரட்டினாங்க பாருங்க. மூக்கு வழியா தண்ணி நேரா மண்டைக்கு ஏறுது, மேல எது கீழ எதுன்னு தெரியல, நான் என்ன பண்ணேன், காசிமேட்டு புத்தி, மொதல்ல பெல்ட்ட கழட்டிட்டேன். கழட்டின ஒடனே ஒடம்பு மெதந்து மேல போச்சு, அந்த மேலங்கறது கூண்டோட தரை, முதுகு போய் தரையில ஒட்டிக்கிச்சு, ஜன்னல் எந்தப் பக்கம்னே தெரியல, கைய வீசறேன் பக்கத்து சீட்டுதான் மாட்டுது. உள்ளயே நின்னுட்டு இருந்த டைவர் காலர புடிச்சு இழுத்து வெளிய போட்டாரு. மொத்தம் பத்து செகண்டு கூட இருக்காதுன்னாங்க. எனக்கு அது ஒரு பொழுது மாதிரி.

என் பக்கத்து சீட்டுல பெரம்பலூர் பையன் ஒருத்தன், வெல்டர், கெணத்தையே எட்டி நின்னு பாத்தவன், நீச்சல் சுத்தமா தெரியாது. அவன் சொன்னத சொன்னபடி செஞ்சான். ஒரு கை ஜன்னல் ஓரத்துல, இன்னொரு கை பெல்ட் பக்கிள்ல, புரள்றது முழுசா நிக்கற வரைக்கும் அசையல, அப்புறம் ஜன்னல தள்ளினான், ஜன்னல் ஓரத்த விடாம பெல்ட்ட திருப்பினான், அந்த ஓரத்த புடிச்சே ஒடம்ப இழுத்தான், வெளிய வந்துட்டான். வந்து என்னைப் பாத்து "அண்ணா ஒண்ணும் இல்லண்ணா, ஈஸிதான்"ங்கறான். அந்த சார் என்ன திட்டல, தனியா கூப்ட்டு தரையில ஒரு பிளாஸ்டிக் சேர போட்டு ஒக்கார வச்சு, கண்ண மூடிட்டு ஜன்னல்ல கை, பெல்ட்ல கை, ஜன்னல்ல கை, பெல்ட்ல கைன்னு ஒரு இருவது தடவ பண்ண வச்சாரு. அடுத்த தடவ சரியா வந்துச்சு. லஞ்ச் டைம்ல தன் சாப்பாட விட்டுட்டு வந்து பண்ணாரு, அதுக்கே குடுத்த காசு செரிச்சிடுச்சு. மூச்சு விடற குட்டி சிலிண்டர் வச்சும் பழக்கினாங்க, வாயில வச்சதும் மூச்சு புடிக்கத் தோணுது, புடிக்காம விடணும், அது பழக நேரம் ஆகுது.

மூணாவது நாள் தீ. இங்கதான் கோவம் வருது. பதினாலு பேருக்கு ரெண்டு எக்ஸ்டிங்குஷர், ஆளுக்கு நாலு செகண்டு புஸ்ஸுனு அடிச்சிட்டு அடுத்த ஆள். புகை ரூம்னு ஒண்ணு, கல்யாண மண்டபத்துல மாப்பிள்ள வரும்போது விடுவாங்களே அந்த புகை, அதுவும் கதவு இடுக்குல வெளிச்சம் வருது, எல்லாரும் பேசிக்கிட்டே நடந்து வந்துட்டோம். மொத நாள் நீங்கதானே சொன்னீங்க, பைப்பர் ஆல்ஃபாவுல ரூமுக்குள்ள ஹெலிகாப்டர் வரும்னு காத்துக்கிட்டு இருந்தவங்கள்ல நெறைய பேர் புகையிலதான் செத்தாங்கன்னு? அப்ப அந்த ரூம இப்படியா வைக்கறது? கேட்டேன், மெஷின் சர்வீஸுக்கு போயிருக்குன்னாங்க. ஃபர்ஸ்ட் எய்டும் அவசர அவசரமா.

எண்ணெய் எடுக்கற எடத்துல வர்ற ஹெச் டூ எஸ்ங்கற விஷ கேஸுக்கு தனியா அரை நாள் எக்ஸ்ட்ரா துட்டு கட்டி பண்ணேன், அது பரவால்ல. அழுகின முட்டை நாத்தம் வந்துச்சுன்னா ஓடணும்னு எனக்கும் தெரியும், ஆனா அளவு ஜாஸ்தியானா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, நாத்தம் நின்னு போச்சுன்னு நிம்மதியா நிக்காதன்னு சொன்னாங்க. காத்த விட கனம், அதனால கீழ குனியாத, காத்து வர்ற பக்கமா மேல ஏறுன்னு.

இன்னொண்ணு. கோர்ஸ் புக் பண்ண அலையும்போது வேற எடத்துல ஒரு புரோக்கர் "தம்பி தண்ணில எல்லாம் எறங்க வேணாம், பாதி காசு குடு, சர்ட்டிபிகேட் கைல வந்துடும்"னான். என் தம்பி முறை ஒருத்தனுக்கு அதுல ஆசை வந்துடுச்சு, இவனும் நீச்சல் தெரியும்கற கேஸு. அவன இழுத்துட்டுப் போய் அதே குளத்துல அடுத்த பேட்ச்ல சேத்து விட்டிருக்கேன்.

போறவங்க சளி இருந்தா போகாதீங்க, காது அடச்சிக்கும். ரெண்டு செட் டிரஸ் எடுத்துட்டு போங்க, டவல் அவங்க தர்றதில்ல, எக்ஸ்எல் சைஸு கவரால் மொத்தமே மூணுதான் இருக்கு, தொப்பை இருக்கறவங்க எட்டு மணிக்கே போயிடுங்க.