மாட்டுப்பட்டியில் ஓர் அகன்ற விளிம்புத் தொப்பி: சில வருடப் பாவனையின் பின்

வெருகல் பக்கத்தில் பட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கனடாவில் இருக்கும் தன் மருமகன் ஊருக்கு வரும்போது என்னுடையதைப் போன்ற தொப்பி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தார். அவர் கேட்ட அதே வாரத்தில்தான் என் தொப்பியின் உட்புறத்தில் சுற்றித் தைத்திருக்கும் தோல் வார் மறுபடியும் பிய்ந்து போனது. திருகோணமலைச் சந்தைக்கு அருகில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கிவந்தேன். தையல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது ஏன் பிய்ந்தது என்பதைச் சொல்லாமல் நண்பருக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால், தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் முடிக்காமல் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொப்பியைத் தந்தவர் கனடாவின் கல்கரி நகரில் வேலை செய்யும் என் மச்சான். 1912 ஆம் ஆண்டு முதன்முதலாக நடந்த ஸ்டாம்பீட் என்னும் மாட்டுக்காரர் விழா இன்றும் ஜூலை மாதங்களில் நடக்கும் ஊர் அது. நாங்கள் விருந்தினருக்கு மாலை போடுவது போல அங்கே வெள்ளைத் தொப்பி அணிவித்து வரவேற்பார்களாம். எனக்கு வந்தது மணல் நிறத்தில், முயல் உரோமத்தை வெந்நீராலும் நீராவியாலும் இறுக்கிச் செய்த தொப்பி. இவ்வகைத் தொப்பிகளுக்கு முன்மாதிரியாக இருந்தது, 1865 இல் பிலடெல்பியாவில் தொழில் தொடங்கிய ஜோன் பி. ஸ்டெட்சன் செய்த, உயர்ந்த தலைப்பகுதியும் தட்டையான அகன்ற விளிம்பும் கொண்ட தொப்பி. அதற்கும் முந்தியது, மெக்சிக்கோவில் மாடு மேய்த்த வக்கேரோக்கள் அணிந்த சொம்பிரேரோ. இந்தத் தொப்பிகளோடு மாடு மேய்த்தவர்கள் குதிரைமேல் இருந்து மாடு பார்த்தவர்கள். என் குறைகளில் பாதி இந்த ஒரு விடயத்திலிருந்தே வருகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது மெய்யாகவே பெரிய நன்மை. எனக்கு வலது கண்ணில் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரத் தொடங்கியிருந்தது. வெயிலிலும் தூசியிலும் காற்றிலும் வருடக்கணக்கில் நிற்கும் மீனவருக்கும் கமக்காரருக்கும் பட்டிக்காரருக்கும் வழக்கமாக வருகிற வருத்தம்தான் அது. கண் மருத்துவர் சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி போடும்படி சொன்னார். தொப்பியால் வளர்ந்த சதை கரையாது, கரையவும் இல்லை. ஆனால் மாலையானால் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்த நிலை போய்விட்டது. திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த வெயிலில் முகம், காது, பிடரி ஆகிய மூன்றுக்கும் ஒரே நேரத்தில் நிழல் தருவதற்கு அகன்ற விளிம்பை விட்டால் வேறு வழியில்லை. அவுஸ்திரேலியாவில் தோற் புற்றுநோயைத் தடுக்க வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7.5 சென்ரிமீற்றர் விளிம்பு வேண்டும் என்று அறிவுறுத்துகிறார்கள்; என் தொப்பி அதைவிடவும் அகலமானது. தலையில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் துவாய் கண்ணுக்கு நிழல் தராது. இதை நான் எவரோடும் வாதிட்டுச் சொல்வேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

பட்டியில் விடியற்காலையில் தொடங்கும் பால் கறப்பு, வெயில் ஏறிய பிறகும் நீள்கிறது. கன்றை அவிழ்த்துவிட்டு ஊட்டவைத்து, சுரந்ததும் இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டி, பின்னர் குந்தியிருந்து வாளியை முழங்கால்களுக்கிடையில் வைத்து, நெற்றியை மாட்டின் விலாவில் அழுத்திக்கொண்டுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் கறக்கிறோம். நெற்றியை வைப்பது களைப்பாறுவதற்காக அல்ல. மாடு காலைத் தூக்கப்போகிறதென்றால் அதன் விலாத் தசை முதலில் இறுகும். கறப்பவரின் நெற்றி அதை உடனே அறியும், கை வாளியை விலக்கும். அகன்ற விளிம்பு இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. தொப்பியோடு குந்தினால் விளிம்பு விலாவில் முட்டி, தொப்பி பின்னுக்குச் சரிந்து முதுகில் விழுகிறது, அல்லது விளிம்பின் உரசல் பிடிக்காமல் மாடு நகர்ந்துவிடுகிறது. எனவே கழற்ற வேண்டும். கழற்றினால் வைப்பதற்கு இடம் இல்லை. பட்டி நிலம் முழுவதும் சாணமும் மூத்திரமும். அலம்பல் வேலியில் மாட்டினால் கன்றுகள் தட்டிவிடுகின்றன.

தோல் வார் பிய்ந்த கதையும் இதுதான். வியர்வை ஊறிய தோலில் உப்பு இருக்கும். மாடுகளுக்கு உப்பின் மேல் எப்போதும் ஆசை. வேலியில் மாட்டியிருந்த தொப்பியை ஒரு நாகு நக்கி நக்கி, கடைசியில் வாரை வாயில் கவ்வி இழுத்துவிட்டது. அந்த நாகில் பிழை சொல்ல எதுவும் இல்லை. உப்பைத் தேடுவது அதன் இயல்பு, அது தெரிந்த ஒருவர் மாட்டோடு புழங்குபவரின் தலைக்குத் தோல் வார் வைத்துத் தைத்திருக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய விடயம், கறக்கும்போது தலையைத் திறந்தபடி விட முடியாது என்பது. தலைமயிரும் எண்ணெயும் வியர்வையும் பாலில் விழக்கூடாது. தயிருக்குப் போகும் எருமைப்பாலில் ஒரு மயிர் கிடந்தால் வாங்குபவர் அடுத்த நாள் வேறு பட்டிக்குப் போய்விடுவார். ஆகவே தொப்பியைக் கழற்றியவுடன் துவாயைக் கட்ட வேண்டும், எழுந்து வெயிலில் மாடுகளைத் திறந்துவிடும்போது துவாயை அவிழ்த்துத் தொப்பியைப் போட வேண்டும். ஒவ்வொரு காலையும் இதே கழற்றலும் கட்டலும். வருடக்கணக்கில் பழகிய பின்னரும் இந்த எரிச்சல் எனக்குக் குறையவில்லை என்பதுதான் நண்பர் கவனிக்க வேண்டியது.

அமெரிக்க மாட்டுக்காரருக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்க நியாயமில்லை. 1860களின் பிற்பகுதியிலும் 1870களிலும் அவர்கள் டெக்சாஸிலிருந்து கன்சாஸின் புகையிரத நிலையங்களுக்கு ஓட்டிச் சென்றவை இறைச்சிக்கான மாடுகள். அந்த மாடுகளின் விலாவில் எவரும் நெற்றியை வைக்கத் தேவைப்படவில்லை. அவர்களின் தொப்பி அவர்களின் வேலைக்கு மிகப் பொருத்தமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மேய்ச்சலுக்குப் போனாலும் இதே வேறுபாடுதான் தெரிகிறது. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் மாடுகளை வயற்கரையிலிருந்து காட்டோரத்துக்குச் சாய்க்கிறோம். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த பின்னர்தான் அவை வெட்டிய வயலுக்குத் திரும்புகின்றன. இடைப்பட்ட மாதங்களில் சூரையும் காரையும் ஈச்சம் பற்றையும் மண்டிய இடங்களில் குனிந்து நுழைந்து மாடு தேட வேண்டும். குதிரையில் இருப்பவருக்கு அந்தப் பற்றைகள் முழங்காலுக்குக் கீழே இருக்கும். நடந்து போகிற எனக்கோ முகத்துக்கு நேரே இருக்கின்றன. சூரை முள் விளிம்பைப் பிடித்தால் தொப்பி அங்கேயே நின்றுவிடும், நான் மட்டும் முன்னே போய்விடுவேன். மேற்கு ஆபிரிக்காவின் ஃபுலானி இடையர்கள் நடந்தே மாடு மேய்ப்பவர்கள், அவர்களும் புல்லால் பின்னித் தோல் வைத்துத் தைத்த அகன்ற கூம்புத் தொப்பி அணிகிறார்கள். ஆனால் அவர்கள் நடக்கும் புல்வெளிகள் திறந்தவை.

கச்சான் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி எங்கள் பக்கம் இறங்கும் மாதங்களில், வெட்டவெளியில் இந்தத் தொப்பி தலையில் நிற்காது. அதற்காக ஒரு நாடிக்கயிறு வைத்திருக்கிறார்கள். வெட்டவெளியில் அது சரி. பற்றைக்குள் நாடிக்குக் கீழே கயிற்றைக் கட்டிக்கொண்டு போகவே கூடாது. கொப்பு ஒன்று விளிம்பைப் பிடித்தால் கயிறு கழுத்தை இழுக்கும். கயிற்றைப் பிடரிக்குப் பின்னால் விட்டு இறுக்கினால் காற்றுக்கும் ஓரளவு நிற்கிறது, கழுத்துக்கும் ஆபத்தில்லை. இந்தத் தொப்பி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

துவாயோடு ஒப்பிடும்போது என் கோபம் கூடுகிறது, ஏனெனில் துவாய் தலைக்கு மட்டும் உரியதல்ல. வாய்க்காலில் நனைத்துக் கட்டினால் கச்சானில் ஈரம் உலர உலரத் தலை குளிர்கிறது. பால் கேனைத் தலையில் தூக்க அதையே சுருட்டிச் சும்மாடாக வைக்கலாம். குறிசுடும் நாளில் மிரளும் நாம்பனின் கண்ணை மூடிக் கட்டினால் அது அடங்கி நிற்கும். காட்டில் ஈன்ற கன்றைத் துடைத்து, அதிலேயே சுற்றித் தூக்கி வரலாம். தொப்பியால் இவற்றில் ஒன்றும் முடியாது.

மரியாதை விடயத்தில் இரண்டும் நெருங்கி வருவது எனக்கு வியப்பாக இருந்தது. மச்சான் தொப்பியைத் தந்தபோது, அங்குள்ளவர்கள் அதை விளிம்பு படிய வைக்காமல் தலைப்பகுதி கீழே இருக்கும்படி மல்லாத்தி வைப்பார்கள், கட்டிலின் மேல் வைத்தால் கெடுதி என்பார்கள், பிறர் தொப்பியைக் கேட்காமல் தொட மாட்டார்கள் என்று விளக்கினார். எங்கள் வீட்டிலும் தலையில் கட்டிய துவாயை எவரும் தாண்டுவதில்லை. பட்டிப்பொங்கலன்று பானை பொங்கும்போது பட்டியில் எல்லோரும் தலைக்கட்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுகிறோம். நானும் அன்று தொப்பியோடு போவதில்லை. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. என் தகப்பனாரின் காலத்தில் காணிக்காரரைக் கண்டால் துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. அது மரியாதை என்று சொல்லப்பட்டது, மனமுவந்து செய்யப்பட்டதல்ல. தொப்பி போட்டுக்கொண்டு ஒரு வேலையாக அலுவலகத்துக்கோ வங்கிக்கோ போகும்போது, அதைக் கழற்றுவதா இல்லையா என்பதை நானே தீர்மானிக்கிறேன். அது எனக்கு முக்கியம்.

மழைக்காலத்தைப் பற்றிச் சுருக்கமாக: தூறலுக்கு மிக நல்லது, கண்ணில் நீர் வடியாது. அடைமழையில் நனைந்தால் வாரை வெளியே திருப்பிவிட்டு, அதன் மேல் நிற்கும்படி நிழலில் உலர வைக்க வேண்டும். அடுப்படியில் வைத்தால் தோல் சுருங்கித் தொப்பி இறுகிவிடும். மார்கழியில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், துடைத்தால் போகும்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். மருமகனிடம் கேட்பதானால் நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று கேளுங்கள். நிழலுக்குப் பனையோலைத் தொப்பி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒரு மாரிக்கு மேல் தாங்காவிட்டாலும் பாரமில்லாதது, காற்றோட்டமானது, நாகு தின்றாலும் நட்டம் பெரிதல்ல. உங்கள் கண்ணிலும் சதை வளர்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் நான் மேலே எழுதிய கோபத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதே தொப்பியைக் கேளுங்கள், நானும் அதற்காகத்தான் இதைத் தைத்துத் தைத்துப் போடுகிறேன். அப்படிக் கேட்பதானால் தோல் வாருக்குப் பதிலாகத் துணி வார் வைத்ததாக, வெளிர் நிறத்தில், பக்கங்களில் காற்றுத் துளை உள்ளதாகக் கேட்க வேண்டும். காதுக்குச் சற்று மேலால் தலையைச் சுற்றி நாடாவால் அளந்து, சென்ரிமீற்றர் கணக்கை இப்போதே மருமகனுக்கு அனுப்பிவிடுங்கள்.