பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறீர்களா? டேஷ்போர்டில் தெரியும் 12 கட்டங்களை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

புக்கிட் மெர்தாஜாம், பிறை, பட்டர்வொர்த் பக்கம் 30,000 ரிங்கிட்டுக்குள் பழைய மின்சாரக் கார் கிடைக்கிறதே, வாங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்ற கடையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. காரின் பெயரும் வேண்டாம், அதைத் தயாரித்தவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், வீடு ஆல்மாவில். பினாங்குப் பாலம் ஏறிப் போய்வர ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் ஓடும். பதினோரு வருடமாக ஒரு மைவி பெட்ரோல் கார் வைத்திருந்தேன். 2025 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதன் கியர்பாக்ஸ் தகராறு செய்ய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் பெட்ரோல் பேச்சு. மானியமில்லாத ரோன் 95 லிட்டர் 2 ரிங்கிட் 60 சென் என்று அறிவித்திருந்தார்கள்.

கடைக்காரத் தம்பி அதைத்தான் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இனிமே எண்ணெய் ஊத்தி மாளாது. இந்தக் காடி எடுத்தீங்கன்னா மாசம் 300 வெள்ளி கையில நிக்கும். ரோட் டேக்ஸ் ஆயுசுக்கும் இலவசம்." ஜப்பானிலிருந்து வந்த சின்ன ஹேட்ச்பேக். முடுக்கினால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. ஓடியது 41,000 கிலோமீட்டர்தான் என்று காட்டியது. வலது ஓரத்தில் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்லும் சின்னக் கட்டங்கள் பன்னிரண்டும் நிறைந்திருந்தன. அதன் மேல் விரலை வைத்து, "பாருங்க, புதுசு மாதிரி" என்றார். அன்று இரவே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: "பேட்டரி பன்னெண்டும் ஃபுல்லு அண்ணே, அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்ல." அந்தப் பதிவை நான் அழிக்காமல் வைத்திருப்பது மட்டும்தான் இன்றைக்கு எனக்கு ஆறுதல்.

விலை 29,800. மைவியை 14,000க்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் 15,800, நானும் மனைவியும் சேர்த்து வைத்த பணம்.

முதல் ஐந்து வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சத்தமே இல்லாத வண்டி. பாலத்தில் காலை நெரிசலில் ஊர்ந்தாலும் பெட்ரோல் எரிகிறதே என்ற கவலை இல்லை. எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம், பெல்ட் வேண்டாம். மிதியை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் அட்டையும் சீக்கிரம் தேயாது. நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை, கட்டம் பதினொன்று இருந்தது. அடுத்த வாரம் பத்து. மாதக் கடைசியில் ஒன்பது. கடைக்கு அடித்தேன். "மழைக் காலம்ல அண்ணே, வெயில் வந்தா ஏறிடும்" என்றார். நானும் சரி என்று விட்டேன்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஜோர்ஜ் டவுன் போய், லிட்டில் இந்தியாவில் இருந்த மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். நல்ல மழை. காலையில் கிளம்பும்போது முழு சார்ஜ். பாலம் ஏறும்போது இன்னும் 24 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. பாலத்தின் நீளமே 13.5 கிலோமீட்டர், அதைத் தாண்டி வீட்டுக்கு இன்னும் 15. ஏர்கோனை அடைத்தேன். அடைத்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. மனைவி தன் துப்பட்டாவால் உள்ளே துடைத்துக்கொண்டே வந்தாள். நடுப்பாலத்தில் அந்த எண் 9 ஆனது, அப்புறம் எண்ணே போய் மூன்று கோடுகள் மட்டும் மின்னின. கரை தெரியும்போது டேஷ்போர்டில் ஆமைப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அது எரிந்தால் கார் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பின்னால் லோரிகள் ஹார்ன் அடிக்கின்றன. மாமியாருக்கு இனிப்புநீர், மாத்திரை நேரம் தாண்டிவிட்டது. "மாப்பிள்ளை, ஓரமா நிறுத்திடுங்களேன்" என்று மெதுவாகச் சொன்னார். பாலத்தின் நடுவில் எங்கே நிறுத்துவது?

எப்படியோ பிறையில் இறங்கி, பக்கத்துப் பேரங்காடியின் துரித சார்ஜருக்கு நகர்த்திக்கொண்டு போனேன். அங்கேதான் இரண்டாவது பொய் வெளியே வந்தது. இந்தக் காரில் துரித சார்ஜுக்கு இருப்பது ஜப்பான்காரர்களின் சாடெமோ வகைத் துளை. அங்கே தொங்கியது சிசிஎஸ் 2 வகைப் பிளக். நம் நாட்டில் பொது இடங்களில் இருக்கும் துரித சார்ஜர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மெதுவான சார்ஜரும் பொருந்தவில்லை, அது டைப் 2, என் காரில் டைப் 1. "எங்க போனாலும் சார்ஜ் பண்ணலாம்" என்று சொன்னவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? கடைசியில் ஓர் ஒட்டுக்கடைக்காரர் இரக்கப்பட்டு, ஐஸ் பெட்டியின் 13 ஆம்பியர் பிளக்கைக் கழற்றி எங்களுக்கு இடம் கொடுத்தார். மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் கட்டம் எட்டு.

அதற்கடுத்த வாரம் ஹைபிரிட் கார்களின் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, தன் போனில் திறந்து காட்டினார். 96 கோடுகள், வேலிக் குச்சி மாதிரி வரிசையாக நின்றன. இந்தப் பேட்டரிக்குள் தொடராக இணைந்திருக்கும் 96 ஜோடி செல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நிற்கும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். என்னை ஓட்டச் சொல்லி, ஒரு மேட்டில் மிதியை அழுத்தச் சொன்னார். அழுத்தியதும் ஏழெட்டுக் கோடுகள் மட்டும் திடீரென்று குனிந்தன. "இதுங்கதான் உங்கள நடுப்பாலத்துல விட்டதுங்க" என்றார்.

பன்னிரண்டு கட்டம் எப்படிக் காட்டியது என்பதை அவர்தான் விளக்கினார். அந்தக் கட்டங்கள் பேட்டரியை நேரடியாக அளந்து வருபவை அல்ல. காரின் கணினி, சார்ஜ் ஏறி இறங்குவதை மாதக்கணக்கில் கவனித்து, இவ்வளவுதான் மிச்சம் என்று கற்றுக்கொண்ட கணக்கு அது. அந்த நினைவை அழித்துவிட்டால் கணினி புதுப் பேட்டரி என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டையும் ஏற்றிவிடும். பிறகு ஓட ஓட உண்மையை மறுபடி கற்றுக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கும். அதற்குள் விற்றவர் காசை எண்ணி முடித்திருப்பார். வெளிநாடுகளிலும் இந்த மாடலில் நடக்கும் பழைய மோசடிதான் இது என்றார். சூடும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பேட்டரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது, நம் ஊர் வெயிலில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

செல்களை மாற்ற 15,000 முதல் 18,000 வரை ஆகும் என்றார். நான் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ஈடான தொகை.

கடைக்குப் போனேன். அண்ணே என்று அழைத்த அதே தம்பி, இப்போது "சார்" என்றார். "சார், பழைய காடி. உள்ளது உள்ளபடி வாங்குறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எங்க உத்தரவாதம் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான்." உத்தரவாதப் புத்தகத்தை வீட்டில் எடுத்துப் பார்த்தேன், உண்மைதான், ஒரு வருடம் எஞ்சின், கியர்பாக்ஸ். இந்தக் காரில் எஞ்சினே இல்லை. பெட்ரோல் கார்களுக்கு அச்சடித்த புத்தகத்தை என் கையில் கொடுத்து, காசு வாங்கியிருக்கிறார்கள். காரை என் பெயருக்கு மாற்ற எடுத்த புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை அறிக்கையையும் புரட்டினேன். பேட்டரி பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மாதம் 300 மிச்சம் என்ற கணக்கையும் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தேன். 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டு அடையாள அட்டையும் ஓட்டுநர் உரிமமும் வைத்திருந்த குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென், அப்போது மாதம் 300 லிட்டர் வரை. மைவிக்கு எனக்கு மாதம் 100 லிட்டர் சொச்சம், அதாவது 205 ரிங்கிட் போல. மொத்தச் செலவே 205 என்றால் 300 எப்படி மிச்சமாகும்? இந்தப் பக்கம் லைட் பில் 85லிருந்து 240க்குப் போயிருந்தது. வீட்டுக்கு 350 யூனிட், காருக்கு 265 யூனிட். குறைவாகப் பயன்படுத்துவோருக்கு மின்சார நிறுவனமான தெனாகா கொடுக்கும் கழிவு, யூனிட் ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே வரும். 600ஐத் தாண்டினால் 10 ரிங்கிட் மாதக் கட்டணம் சேரும், தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. ஆக மிச்சம் 50 ரிங்கிட் போலத்தான். ரோட் டேக்ஸ் விலக்கும் 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. 2026 முதல் மோட்டாரின் சக்தியைப் பார்த்துக் கட்ட வேண்டும். கடையில் எனக்குச் சொன்னபோதே அந்தத் தேதி எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

இதைப் படித்துவிட்டு மின்சாரக் காரே வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். என் மச்சான் புதிதாக ஒன்று எடுத்தார். பேட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம், வீட்டில் தனி லைன் போட்டிருக்கிறார், நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்துக்கு மாறி இரவு 10 மணிக்கு மேல் சார்ஜ் போடுகிறார். சந்தோஷமாக ஓட்டுகிறார். நான் சொல்வது பழைய காரைப் பற்றி. பழைய மைவி வாங்கினால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, எண்ணெய் மூடியைத் திறந்து பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். எஞ்சின் எவ்வளவு கிழடானாலும் 40 லிட்டர் டேங்க் 40 லிட்டர்தான் பிடிக்கும். மின்சாரக் காரில் டேங்கே சுருங்குகிறது, அதுவும் வெளியே தெரியாமல்.

ஆகவே காசைக் கொடுக்கும் முன் முழு சார்ஜில் வாங்கி, நீங்கள் தினமும் போகும் அதே பாதையில், ஏர்கோனோடு, சார்ஜ் பத்து விழுக்காடு ஆகும்வரை ஓட்டிப் பாருங்கள். சுற்றிக் காட்டுகிறேன் என்று கடை வாசலில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டவிடுவார்கள், அது போதாது. பிறகு மீட்டர் உள்ள சார்ஜரில் மறுபடி நிரப்பி, எத்தனை யூனிட் உள்ளே போனது என்று பாருங்கள். என் காரின் பேட்டரி 24 யூனிட் என்று விற்கப்பட்டது. நல்ல நிலையில் இருந்தால், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, 20 யூனிட்டுக்காவது இழுத்திருக்க வேண்டும். 13க்கு மேல் ஏறவே இல்லை. கணினி நினைவை அழித்தாலும் இந்த எண்ணை யாராலும் ஏமாற்ற முடியாது. ஓட்டவிட மாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். சார்ஜ் துளை எந்த வகை என்று போனில் படம் எடுத்து, உங்கள் வீட்டுப் பக்கத்துச் சார்ஜரோடு ஒப்பிடுங்கள். பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்பதை விழுக்காட்டில், ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது போதாது.

வீட்டுப் பிளக் சூடாகிறதா என்றும் பாருங்கள். ஜப்பான் கேபிளின் தலையை வெட்டிச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது மாதம் சுவர் சாக்கெட் பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வந்தது. இரவெல்லாம் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு அடுத்த சுவர் அது. வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்தேன்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும், "உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்து வாங்கி அந்தச் சட்டத்திலிருந்து கழன்றுகொள்ள முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு வந்து 14 நாளில் கடைக்காரர் பணத்தைக் கட்டாவிட்டால் அதுவே குற்றம். எழுதத் தயங்குபவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

என் விசாரணை அடுத்த மாதம். குரல் பதிவு, பன்னிரண்டு கட்டத்தோடு கடையில் எடுத்த படம், எட்டுக் கட்டத்தோடு வீட்டில் எடுத்த படம், 96 கோடுகளின் அச்சுப் பிரதி எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. இதே மாதிரி கட்டம் இறங்கிய கார் உங்களிடமும் இருந்தால், வாங்கிய தேதியையும் ஒவ்வொரு கட்டம் போன தேதியையும் குறித்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.