டிவி வேண்டாம், இணையமும் தொலைபேசியும் போதும்: கானாடுகாத்தான் வீட்டுக்கு ஒரு ஃபைபர் இணைப்பு

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்கு வந்தபோது, கானாடுகாத்தானில் தனியாக இருக்கும் ஆத்தாவுக்கு இணையமும் தொலைபேசியும் அமைத்துக் கொடுப்பதே முதல் வேலையாக இருந்தது. வீட்டில் கேபிள் டிவி ஏற்கெனவே இருக்கிறது. எந்த எண்ணில் எந்தச் சேனல் வரும் என்பது ஆத்தாவுக்கு மனப்பாடம். ஆகவே சேனல்களும் ஓடிடியும் சேர்ந்து வரும் இணையத் திட்டம் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

விற்க வருபவர்களோ அந்தத் திட்டங்களைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். காரைக்குடியிலிருந்து வந்த முகவர் ஒருவர், "டிவி ஃப்ரீயா வருது ஆச்சி, அதைப் போய் வேண்டாங்கிறீங்களே!" என்று ஆத்தாவிடமே முறையிட்டார். டிவி இல்லாத திட்டத்துக்கு மாதம் எவ்வளவு என்று நான் கேட்டதும், கைப்பேசியை வெகுநேரம் தடவிவிட்டு ஒரு தொகையைச் சொன்னார். இரண்டு தொகைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம்தான் அவர் சொன்ன 'ஃப்ரீ'யின் விலை. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றிலுமே ஓடிடி சேராத அடிப்படைத் திட்டங்கள் உண்டு, ஆனால் நாமாகக் கேட்டால்தான் அவை வெளியே வரும். அறிவிக்கும் கட்டணத்தோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 499 ரூபாய்த் திட்டம் பில்லில் 588 ரூபாய் 82 காசாக வரும். வேகத்தைப் பொறுத்தவரை, பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச நான்கு எம்பிபிஎஸ் தாராளம்; 30, 40 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மேல் ஆத்தாவுக்கு எதற்கு?

தொலைபேசி விஷயத்தில்தான் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால், கரண்ட் போனாலும் வீட்டு போன் அடிக்கும். ஃபைபரில் போன் மோடத்தோடு இணைந்திருப்பதால், கரண்ட் போனவுடன் அதுவும் போய்விடும். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் இதைச் சாதாரணமாக விட முடியாது என்று, மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன். லேண்ட்லைனிலிருந்து கைப்பேசிக்குப் பேச 2021 ஜனவரி முதல் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்பதால், உறவினர் எண்களையெல்லாம் பூஜ்யத்தோடு பெரிய எழுத்தில் எழுதி போனுக்கு மேலே ஒட்டினேன். ஆத்தாவின் கைப்பேசிக்கு டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமுள்ள ரீசார்ஜே போட்டோம். நிறுவனங்கள் அப்படி ஒரு ரீசார்ஜாவது கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்ததை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்கியது. இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் வீட்டில், மோடத்தை முகப்பில் வைத்தால் வளவு எனப்படும் உள்முற்றப் பகுதி வரைக்கும் வைஃபை ஓரளவு வருகிறது. ஆத்தா பகல் முழுதும் இருக்கும், அதற்கும் பின்னாலுள்ள இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு கோடுகூடக் காட்டுவதில்லை. வைஃபை வரும் இரண்டு அலைகளில், பருத்த சுவர்களை ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை சுத்தமாகத் தாண்டவில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுப் பரவாயில்லை. கூடுதல் வேகத் திட்டம் எடுத்தால் சரியாகும் என்று முகவர் சொன்னது வியாபாரப் பேச்சு. வாசலில் எத்தனை வேகத்தில் வந்து இறங்கினாலும் சுவர் சுவர்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புப் பூச்சில் டிரில்லிங் மெஷினை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வயரிங் தம்பி ஏணி போட்டு, கதவு நிலைகளுக்கு மேலிருந்த காற்றுத் துவாரங்கள் வழியாகவே லேன் கேபிளைக் கட்டுக்குக் கட்டு கடத்தி, அடுப்படிக்குப் பக்கத்தில் இரண்டாவது ரவுட்டரை வைத்தார். கேபிளுக்கும் ரவுட்டருக்கும் கூலிக்கும் ஆன செலவு சில மாதக் கட்டணத்துக்கு மேல் போனாலும், அது ஒருமுறைச் செலவு.

ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பணம் கட்டினால் இணைப்புக் கட்டணம் இல்லை என்றார்கள். மழைக்காலத்தில் லைன் எப்படி நிற்கும் என்று தெரியாமல் ஒரு வருடத்தை முடக்குவானேன் என்று ஆறு மாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். இணைப்பு ஆத்தா பெயரில், அவரது ஆதாரை வைத்து எடுத்தது. பணத்தை நான் சிங்கப்பூரிலிருந்தே கட்டலாம். வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணோடு இணைந்த என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) யுபிஐ பயன்படுத்த 2023 முதல் அனுமதித்திருக்கும் நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று, வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். லைன் பழுதானால் கஸ்டமர் கேருக்கு முன்னால் கூப்பிட, இணைப்புக் கொடுத்த லைன்மேனின் எண்ணையும் போனுக்கு மேலே ஒட்டிய தாளிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.